மாதா சொரூபத்துக்குப் பின்னால் இரண்டு மஞ்சள் உறைகள்

அனுப்புநர்:
திருமதி மக்டலீன் பேனாட்,
முதியோர் இல்லப் பராமரிப்பு உதவியாளர்,
இரண்டாம் மாடி, இடப்பக்க வீடு,
ஹம், ஜேர்மனி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வெளிநாட்டவர் அலுவலகம்.

விடயம்: என் வீட்டில் குடியிருக்கும் செல்வி லக்ஷ்மிப்ரியா தண்டபாணியின் வதிவிட விண்ணப்பம் நிராகரிக்கப்படக் காரணமானவர் மீது புகார். காரணமானவர் நானே.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு கடிதங்களிலும் கையொப்பம் இருக்கிறது, ஆனால் பெயரை வாசிக்க முடியவில்லை. அதனால் இரு விதமாகவும் விளித்திருக்கிறேன். பிழையாயின் பொறுத்துக்கொள்ளவும்.

1. நான் யாழ்ப்பாணம் பாசையூரைச் சேர்ந்தவள். வயது அறுபத்தொன்று. 1986ஆம் ஆண்டு அகதியாக இந்நாட்டுக்கு வந்தேன். 2003 முதல் ஜேர்மன் குடியுரிமை உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். என் கணவர் பேனாட் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை என்மீது எந்த வழக்கும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஒரு தரிப்பிடம்கூடப் போனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கீழே எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, இவள் வழமையாகவே இப்படிப்பட்டவள்தான் என்று நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2. இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். ஜேர்மன் மொழியில் ஒரு முதியவரின் புண்ணைத் துடைத்தபடி கதைக்கவும், அவர் இறக்கப்போகிறார் என்பதை அவருடைய மகனுக்குச் சொல்லவும் எனக்குத் தெரியும். என் குற்றத்தைச் சொல்ல அந்த மொழியில் எனக்கு வாய் வரவில்லை. காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்யும் என் மகள் பிறேமாவிடம் மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டேன். "அம்மா, இதை நான் செய்யமாட்டன். நீங்கள் உங்களுக்கே குழி வெட்டுறியள்" என்றாள். எனவே டோட்முண்டிலுள்ள சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுக்கவிருக்கிறேன், ஒரு சொல்லையும் மென்மையாக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். தமிழ் மூலமும் இதனுடன் இருக்கிறது.

3. மேற்படி லக்ஷ்மிப்ரியா தமிழ்நாட்டில் கரூரைச் சேர்ந்தவர். வயது இருபத்தேழு. இங்கே முதுகலைப் பொறியியல் படிக்க வந்தவர், 2023 செப்டெம்பர் முதல் என் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். இனிமேல் இம்மனுவில் அவரைப் 'பிள்ளை' என்றே எழுதுவேன். மரியாதையாக எழுதிப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. வந்த அன்றே என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாள். எங்கள் வழக்கப்படி 'அக்கா' என்று சொல்லச் சொன்னேன். மூன்று நாள் சொன்னாள், நான்காம் நாள் மறுபடியும் ஆன்ட்டி ஆகிவிட்டேன்.

4. 2024 ஒக்டோபரில் பிள்ளை ஒரே பாடத்தில் மூன்றாம் முறையும் தவறினாள். மூன்றாம் முறை தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள் என்பதும், அதே படிப்பை இந்நாட்டில் வேறெங்கும் தொடர ஏலாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்து, ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு எதையோ எழுதத் தொடங்கினாள். அவளுடைய இந்தியப் பட்டத்தை வைத்து, வேலை தேடுவதற்கான வாய்ப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாமாம். ஆறு புள்ளி வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் கீழ் என்பதால் இரண்டு. இந்நாட்டில் ஏற்கெனவே வாழ்ந்ததற்கு ஒன்று. ஆங்கிலத்துக்கு ஒன்று. மீதி இரண்டும் ஜேர்மன் மொழியிலிருந்து வரவேண்டும், அதற்கு பி-ஒன்று நிலைப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அட்டை கிடைத்தால் ஓராண்டு இருந்து வேலை தேடலாம், வேலை கிடைத்தால் பிறகு நிரந்தர வதிவிடம் வரைக்கும் வழி உண்டு என்றாள். அந்தத் தாளைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

5. நான் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் காலத்தில் புள்ளி கிடையாது. அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தத் திகதியில் ஆமி வந்தது, யாரைப் பிடித்தது, எந்தப் பக்கமாக ஓடினாய் என்று கதை சொல்ல வேண்டும். கதையை நம்பினால் இருக்கலாம். இப்போது கதை கேட்பதில்லை, கூட்டிப் பார்க்கிறார்கள். இது நல்லது, கூட்டலில் பொய் இல்லை என்று பிள்ளையிடம் சொன்னேன். அதைச் சொன்ன வாயால்தான் பின்னர் அவளுக்கு ஐந்து மாதம் பொய் சொன்னேன்.

6. 2024 நவம்பரில், மாணவர் விசா முடிவதற்கு முன்னரே, பிள்ளை இணையவழியில் உங்களுக்கு விண்ணப்பித்தாள். ஜேர்மன் பரீட்சைச் சான்றிதழ் பின்னர் தரப்படும் என்று அதில் குறித்திருந்தாள். முடிவு வரும்வரை இருக்கலாம் என்று உங்கள் அலுவலகம் தந்த மடிப்புத் தாளில் 2025 செப்டெம்பர் 30 என்று திகதி இருக்கிறது. இனி எல்லாத் தகவலும் தபாலில் வரும் என்றும் அறிவித்திருந்தீர்கள். சான்றிதழைக் கையில் கொண்டு வந்து காட்டுவதற்கு ஒரு தெர்மின், அதாவது சந்திப்பு நேரம், தருவீர்கள் என்று அவள் நம்பினாள். தெர்மின் என்றால் மாதக்கணக்கில் காத்திருப்பது என்பது இந்நாட்டில் எல்லாருக்கும் பழகிப்போன விடயம். அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

7. எங்கள் கட்டடத்தின் கீழே தபால் பெட்டிகள் வரிசையாக உள்ளன. என் பெட்டியில் 'பேனாட்' என்றும் அதன் கீழே 'தண்டபாணி' என்றும் பெயர் ஒட்டியிருந்தது. தண்டபாணி என்பது அவளுடைய தகப்பனாரின் பெயர். உங்கள் கடிதங்கள் எல்லாம் 'திருமதி தண்டபாணி' என்றே வரும், அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். அந்தப் பெட்டிக்கு ஒரு சாவிதான். அது என்னிடம் இருந்தது. இன்னொரு சாவி வெட்டித் தருகிறேன் என்று 2023இல் சொன்னேன். வெட்டவில்லை.

8. 2025 ஜனவரி 16, வியாழக்கிழமை, காலை வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தபோது அவளுடைய பெயருக்கு ஒரு மஞ்சள் உறை, அரச அலுவலகங்கள் முக்கியமான முடிவுகளை அனுப்பும் உறை, கிடந்தது. தபால்காரர் அன்றைய திகதியை உறைமேல் பேனாவால் எழுதியிருந்தார். பிள்ளைக்கு ஜேர்மன் பரீட்சை சனிக்கிழமை. இரண்டு நாள்தான் இருந்தது. அதை என் கைப்பையில் வைத்தேன். மாலையில் அவள் வந்து, "ஆன்ட்டி, லெட்டர் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, ஒண்டும் வரேல்லை" என்றேன்.

9. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டியது என் கடமை. இது மன்னிப்புக்கான காரணம் அல்ல. 1987இல் நாங்கள் அகதி விடுதியொன்றில் இருந்தோம். அறைக்கு ஆறு பேர். ஒரு நாள் காலை மன்னாரைச் சேர்ந்த அன்ரன் என்ற இருபத்துநான்கு வயதுப் பெடியனுக்கு மஞ்சள் உறை வந்தது. மற்றவர்கள் வேலைக்கும் வகுப்புக்கும் போயிருந்தார்கள். அவன் தனியே திறந்து, தனியே வாசித்திருக்கிறான். விளங்கியதோ விளங்கவில்லையோ தெரியாது. நாங்கள் திரும்பி வந்தபோது உறை கட்டிலில் கிடந்தது, சப்பாத்து கதவடியில் இருந்தது, ஆளைக் காணவில்லை. அது பெப்ரவரி மாதம். சப்பாத்து இல்லாமல் எங்கே போனான் என்று பொலிசும் தேடியது, நாங்களும் தேடினோம். அன்றிலிருந்து இன்றுவரை அன்ரனைக் கண்டவர் இல்லை.

10. அதற்குப் பிறகு அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டானது. மஞ்சள் உறை வந்தால் உரியவரிடம் உடனே கொடுப்பதில்லை. முதலில் பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்து வைப்பது. அவர் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, பக்கத்தில் இரண்டு பேர் இருக்கும்போதுதான் சொல்வது. பரீட்சை, வேலை நேர்முகம், பிள்ளைப்பேறு என்று ஏதாவது இருந்தால் அது முடியும்வரை வாயே திறப்பதில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. எனக்கு வந்த முதலாவது நிராகரிப்பை என் கணவரே நான்கு நாள் ஒளித்து வைத்திருந்தார், நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

11. ஆனால் அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. ஒளித்து வைத்த உறையை அன்றைக்கே விமலநாதன் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் எங்கள் விடுதியிலேயே ஜேர்மன் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். அவர் உறையைப் பிரித்து, கடைசித் திகதி எது என்று பார்த்து, அன்று பின்னேரமே சட்டத்தரணியின் வாசலில் போய் நிற்பார். கடிதத்துக்குரியவர் நித்திரையாக இருக்கும்போதே அவருடைய மேன்முறையீடு எழுதப்பட்டிருக்கும். விமலநாதன் அண்ணை 2018இல் காலமானார். நான் பழைய வழக்கத்தில் பாதியை மட்டும் செய்தேன். ஒளித்தேன். கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை என்பது ஒளித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இதுதான் நான் செய்த பிழை. இதைவிட வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

12. உறையைப் பிரிக்காமலே வரவேற்பறையில் மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். கேவலார் மாதா திருவிழாவில் வாங்கிய சொரூபம் அது. பிள்ளை சைவக்காரி. ஆனாலும் பரீட்சைக்குப் போகும் காலையில் அந்தச் சொரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய விரல்கள் இன்னும் நாலு அங்குலம் உள்ளே போயிருந்தால் உறையைத் தொட்டிருக்கும். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

13. சனிக்கிழமை பரீட்சை முடிந்தது. ஞாயிறு கொடுப்போம் என்று நினைத்தேன். ஞாயிறு அவள் சந்தோசமாக இருந்தாள், நல்லாக எழுதினேன் என்றாள். திங்கள் கொடுப்போம் என்று நினைத்தேன். திங்கள் எனக்கு இரட்டை வேலை. இப்படியே ஒரு கிழமை போனது. ஒரு கிழமை போன பிறகு, 'ஏன் ஒரு கிழமை வைத்திருந்தீர்கள்?' என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒரு மாதம் போன பிறகு அந்தச் சொரூபத்தைத் துடைப்பதையே விட்டுவிட்டேன். மார்ச் 3ஆம் திகதி பிள்ளை மொழிப் பாடசாலைக்குப் போய்ச் சான்றிதழைக் கையில் வாங்கிவந்தாள். சித்தி. அதையும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில், புள்ளித் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஜேர்மன் என்ற வரிக்கு நேரே பச்சைப் பேனாவால் இரண்டு என்று எழுதி, கீழே ஆறு என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள். அன்று கேசரி செய்தோம்.

14. ஏப்ரல் 8ஆம் திகதி இரண்டாவது மஞ்சள் உறை வந்தது. முதலாவதைக் கொடுக்காமல் இரண்டாவதைக் கொடுக்க முடியாது. எனவே அதையும் சொரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். இது பழைய வழக்கம் அல்ல. இது பயம். இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை மாலை தோறும் கேட்டாள், நான் மாலை தோறும் இல்லை என்றேன். அவள் மூன்று தடவை உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். விண்ணப்பங்கள் வரிசைப்படி கவனிக்கப்படும், தனித்தனியே விசாரிக்க வேண்டாம் என்று தானியங்கிப் பதில் வந்தது. "அவங்க பிஸி போல ஆன்ட்டி, வெயிட் பண்ணலாம்" என்றாள். என்னைச் சந்தேகிக்க அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

15. உயிர்த்த ஞாயிறுக்காக மாதாவைத் துடைக்க வந்த பிறேமா உறைகளைக் கண்டுவிட்டாள். திகதிகளை வாசித்தாள். மற்றவருடைய கடிதத்தை மறைப்பது இந்நாட்டில் குற்றம் என்றும், பொலிஸ் வரைக்கும் போகும் என்றும் சொன்னாள். "காலம் போனது போனதுதான். இனி நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றாள். நான் என் மகளைக் குறை கூறவில்லை. தாயைக் காப்பாற்ற நினைத்தாள். ஆனால் அன்றைக்கு இன்னும் காலம் போகவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது கடிதத்துக்கு எதிராக வழக்குப் போட மே 8 வரை நாள் இருந்தது. உறையைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

16. மே மாதம் 20ஆம் திகதி பிள்ளை வழமைபோல டோட்முண்டில் வெதுப்பகத்தில் பகுதிநேர வேலையை முடித்துவிட்டு ரயிலில் வந்தாள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு ட்ரெயின்ல ரெண்டு போலீஸ் ஏறினாங்க ஆன்ட்டி, என் பேப்பரைப் பாத்துட்டு சரின்னு திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையிலிருந்த தாள் செப்டெம்பர் வரை செல்லும் என்கிறது. ஆனால் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்று எனக்கு மட்டும் தெரியும். அதன் பிறகு அவள் வீட்டுப் படியேறும் சத்தம் கேட்கும்வரை தினமும் நான் யன்னலடியில் நின்றேன். வீட்டுக்கு வெளியே பொலிஸ் வாகனம் நின்றால், அது அடுத்த தெருவுக்குப் போகும்வரை யன்னலை விட்டு நகரமாட்டேன். ஒரு நாள் கீழ்வீட்டுக்காரருக்கு வந்த பொதியைக் கொடுக்க ஒருவர் மணியடித்தார், நான் கதவைத் திறக்கவேயில்லை.

17. ஜூன் 11ஆம் திகதி பிள்ளை விமானச் சீட்டைக் காட்டினாள். அவளுடைய தகப்பனாருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். ஜூன் 27, வெள்ளிக்கிழமை, காலை 11.40க்கு டுசல்டோர்ஃபிலிருந்து விமானம். மூன்று கிழமையில் திரும்பி வருவதற்கும் சீட்டு எடுத்திருந்தாள். மறுநாள் வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, உறைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, குடிவரவு ஆலோசகர் திரு. லூக்காஸ் அவர்களிடம் போனேன். மற்றவருடைய கடிதத்தைத் தான் பிரிக்க முடியாது என்று அவர் சொன்னார். அவருடைய மேசையிலேயே நான் பிரித்தேன்.

18. முதலாவது கடிதத்தில் நிராகரிப்பு இல்லை, ஐயா. ஜேர்மன் பரீட்சைச் சான்றிதழை மார்ச் 14ஆம் திகதிக்குள் அனுப்பவும் என்று மட்டும் கேட்டிருந்தீர்கள். மரியாதையான கடிதம். அந்தச் சான்றிதழ் மார்ச் 3 முதல் என் சமையலறையில் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அந்தக் குளிர்சாதனப்பெட்டிக் கதவைத் திறந்து பால் எடுத்தேன். இரண்டாவது கடிதத்தில், நான்கு புள்ளிகளுக்கே ஆதாரம் இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்றும், முப்பது நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றும் இருந்தது. திரு. லூக்காஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: மே 8க்குப் பிறகு பிள்ளை இங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அனுமதியில்லாத நாள். செய்த ஒவ்வொரு வேலைநாளும் அப்படியே. விமான நிலையக் கடவுச்சீட்டுச் சோதனையில் கணினி அதைக் காட்டும். மீண்டும் உள்ளே வரத் தடை விழலாம்.

19. உங்கள் அலுவலகம் எந்தப் பிழையும் செய்யவில்லை. கடிதம் சரியான பெயருக்கு, சரியான முகவரிக்கு, சரியான நாளில் வந்தது. பெட்டிக்குள் விழுந்தால் உரியவர் கையில் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும் என்றார் திரு. லூக்காஸ். ஆக, தாள்களின்படி பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிழை எங்கேயாவது தாளில் இருந்தால் யாராவது கண்டுபிடித்துத் திருத்துவார்கள். இது என் வரவேற்பறையில் நடந்தது. நான் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது.

20. நேற்று, ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் சொன்னேன். முதலில் இடியப்பமும் சொதியும் கொடுத்தேன், சாப்பிடவிட்டேன். பிறேமாவும் வந்தாள், ஆனால் உட்காரவில்லை, கதவடியில் நின்றாள். உறைகளை மேசையில் வைத்தேன். பிள்ளையின் ஜேர்மன் இப்போது என்னுடையதைவிட நல்லது. இரண்டு கடிதத்தையும் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு உறையைத் திருப்பித் தபால்காரர் எழுதிய திகதியைப் பார்த்தாள். "ஜனவரி பதினாறா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அன்னிக்கு நான் உங்ககிட்ட கேட்டேனே ஆன்ட்டி" என்றாள். அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும். எழுந்து போய்த் தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தாள்.

21. காலம் கடந்ததை மன்னித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறதாம். அது நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், உண்மை தெரியவந்த நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள். அதற்கான படிவத்தைத் திரு. லூக்காஸ் தந்திருக்கிறார். பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். இன்று மதியம்வரை அது மேசையில் அப்படியே கிடக்கிறது. போடச் சொல்லி அவளை வற்புறுத்தும் தகுதி எனக்கில்லை. பயணத்தையாவது தள்ளிப்போடு என்று கேட்டேன். "அப்பா நாள் பாத்து வச்சிட்டாரு. நான் போகாம எப்படி ஆன்ட்டி?" என்றாள். திரும்பி வர விடமாட்டார்கள் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை இல்லை. எனவே அவளைக் கேட்காமலே, என் பெயரில், என் சொந்த ஒப்புதலாக இம்மனுவை எழுதுகிறேன்.

22. நான் வேண்டிக்கொள்பவை:

ஜூன் 27ஆம் திகதிக்கு முன்னர் இக்கோப்பை மீண்டும் திறந்து பார்க்கவும். இணைத்துள்ள சான்றிதழ் மெய்யானதா என்று பரீட்சை நிலையத்திடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். மெய்யானால் ஆறு புள்ளி ஆகிறது.

மே 8க்குப் பிந்திய நாட்களை அவளுடைய பெயரில் குற்றமாக எழுத வேண்டாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தே இருந்தவள் நான். எழுதத்தான் வேண்டுமென்றால் என் பெயரில் எழுதவும். என்மீது எடுக்கவேண்டிய நடவடிக்கையை எடுக்கவும். விசாரணைக்கு எந்த நாளும், எந்த நேரமும் வருவேன், எனக்காக வாதாட யாரையும் கூட்டி வரமாட்டேன்.

கடவுச்சீட்டுச் சோதனையில் காட்டுவதற்கு, கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தந்தாலும் போதும். அதை என் தபால் பெட்டியில் போடவேண்டாம். திரு. லூக்காஸ் அவர்களின் அலுவலகத்துக்கு அனுப்பினால் அவர் அவளுடைய கையிலேயே கொடுப்பார். இன்று காலை முதல் பெட்டியில் அவளுடைய பெயர் ஒட்டியிருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அவளே உரித்திருக்கிறாள்.

23. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தபோது பிள்ளை என் அறை வாசலுக்கு வந்தாள். பயணப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கையில் அவளுடைய குளிர்கால மேலங்கி இருந்தது. முதலாவது பனிக்காலத்தில் நானும் அவளும் போய், மூன்று கடை ஏறி இறங்கித் தேடி எடுத்த கடும் நீல மேலங்கி. "இது ஊர்ல தேவைப்படாது. உங்களுக்குச் சரியா இருக்கும், போட்டுக்கோங்க ஆன்ட்டி" என்று சொல்லி என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள். கோபத்தில் தரவில்லை. தோள்பட்டையில் கிடந்த ஒரு முடியை எடுத்துவிட்டுத்தான் தந்தாள். நான் அதை ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஐயா, அம்மணி, இந்த நவம்பரில் இந்த மேலங்கியை நான் போடவேண்டி வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் கடைசி வேண்டுகோள்.

இணைப்பு: மஞ்சள் உறைகள் இரண்டின் பிரதி, பி-ஒன்று பரீட்சைச் சான்றிதழின் பிரதி, விமானச் சீட்டின் பிரதி, என் அடையாள அட்டையின் பிரதி.

மேலே எழுதியவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறி, தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

மக்டலீன் பேனாட்
(கையொப்பம்)

இடம்: ஹம்
திகதி: 16.06.2025